படம் காட்டப் பழகினோம்!

"சும்மா படம் காட்டாதே!" என்று நம் ஊர்ப்பக்கம் ஒரு பேச்சு உண்டு. இல்லாததை இருப்பதுபோல் ஜோடித்துக் காட்டுகிறவனைப் பார்த்துச் சொல்வது. அந்தப் பேச்சின் முழு அர்த்தமும் எங்கள் சொசைட்டிக்காரர்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் விளங்கியது.

எங்கள் கட்டிடம் மும்பையை அடுத்த கல்யாண் பக்கத்தில் இருக்கிறது. நான்கு மாடி, 36 வீடுகள். அவற்றில் 11 வீட்டார் தமிழர்கள். பெரும்பாலும் நெல்லைச் சீமைக்காரர்கள். மழைக்காலம் வந்தால் மேல்மாடியில் குடியிருப்பவர்கள் ஒழுகும் இடத்தில் பாத்திரம் வைத்துவிட்டுத்தான் படுப்பார்கள். "இதை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டித் தருகிறேன்" என்று ஒரு பில்டர் முன்வந்தார்.

அவர் அனுப்பிய ஆள் வெறுங்கையோடு வரவில்லை. ஒரு லேப்டாப், ஒரு புரொஜெக்டர், ஒரு வெள்ளைத்திரை! மொட்டை மாடியில் திரையைக் கட்டி, கோட்டுப் போட்ட அந்த வாலிபர் அரைமணி நேரத்தில் 60 படங்களைக் காட்டினார். ஒன்றுக்கு அரை நிமிடம்! நீச்சல் குளம், நீரூற்று, புல்வெளியில் ஓடும் குழந்தைகள். எல்லாம் ஆங்கிலம். பெண்கள் வாய் பிளந்து பார்த்தார்கள். நானும்தான்.

படம் முடிந்ததும் இட்லி வியாபாரம் செய்யும் அண்ணாச்சி எழுந்தார். "வெளியே குடியிருக்கும்போது வாடகை எத்தனை மாதம் தருவீர்கள்?" என்று இந்தியில் கேட்டார்.

"எல்லாம் ஸ்லைடில் இருக்கிறது அங்கிள்" என்று சொல்லிவிட்டு வாலிபர் வயரைச் சுற்ற ஆரம்பித்தார்.

"ஏம்பா, நீ படிச்சவன்தானே, பார்த்தியா?" என்று அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார்.

"நான் பாக்கலியே அண்ணாச்சி" என்றேன். வெட்கமாக இருந்தது.

44-ம் 9-ம்

அந்தப் படங்கள் அடங்கிய பைல் சொசைட்டி செயலாளருக்கு வாட்ஸ்அப்பில் வந்தது. அண்ணாச்சியின் மகள் பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். அவள்தான் அதைத் தன் லேப்டாப்பில் திறந்தாள். வாடகை விவரம் 47-வது ஸ்லைடில் இருந்தது. மேலே பெரிய தலைப்பு, நடுவில் ஒரு குடும்பம் சிரிக்கும் படம், அடியில் நட்சத்திரக் குறி போட்டு ஒரு வரி. வாடகை 18 மாதங்களுக்கு. கட்டிடம் முடிய 36 மாதங்கள்!

அந்த வரியின் மேல் அவள் சுட்டியை வைத்து அமுக்கினாள். எழுத்தின் அளவு மேலே தெரிந்தது: 9. தலைப்பை அமுக்கினாள்: 44.

எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. அவர்கள் பொய் சொல்லவில்லை. கண்ணுக்குத் தெரியாத அளவில் உண்மையைச் சொல்லியிருக்கிறார்கள்.

அடுத்த பொதுக்கூட்டத்துக்கு மூன்று வாரம் இருந்தது. "நீங்கள் ரயில்வேயில் குமாஸ்தா, நம் பக்கத்து விவரத்தை நீங்களே எடுத்துச் சொல்லுங்கள்" என்று செயலாளர் என் தலையில் கட்டிவிட்டார்.

நான் மெட்ரிக் படித்தவன். அப்பா பணியில் இருக்கும்போதே இறந்ததால் கருணை அடிப்படையில் வந்த வேலை. டைப்ரைட்டிங் லோயர் பாஸ். ஆபீஸில் 'பி.பி.டி.' என்ற பேச்சு தினமும் காதில் விழும். ஆனால் அது மேல் அதிகாரிகள் சமாச்சாரம், நமக்கென்ன என்று இருந்தவன். என் போன்ற குமாஸ்தாக்கள் பலர் அப்படித்தான் இருக்கிறோம்.

அண்ணாச்சி மகளிடம் சொன்னேன். "எட்டு நாள் சாயங்காலம் வாங்க சித்தப்பா, சொல்லித் தர்றேன்" என்றாள்.

யார் கண்டுபிடித்தது?

பி.பி.டி. என்பது 'பவர்பாயிண்ட்' என்ற மென்பொருளின் பெயரால் வந்தது. முன்பெல்லாம் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாளில் எழுதி, கீழிருந்து விளக்கு அடித்துச் சுவரில் காட்டுவார்கள். பள்ளிகளில் சிலர் பார்த்திருக்கலாம். அந்தத் தாள்களைக் கம்ப்யூட்டரில் தயாரிக்க அமெரிக்காவில் ராபர்ட் காஸ்கின்ஸ், டென்னிஸ் ஆஸ்டின் என்பவர்களும் அவர்களுடைய கூட்டாளிகளும் 1987-ல் ஒரு மென்பொருளைக் கொண்டுவந்தார்கள். அது முதலில் மெக்கின்டாஷ் கம்ப்யூட்டரில்தான் ஓடியது. வெறும் கறுப்பு வெள்ளை. அதே ஆண்டில் மைக்ரோசாப்ட் அந்தக் கம்பெனியை 1 கோடியே 40 லட்சம் டாலருக்கு வாங்கிவிட்டது. விண்டோஸுக்கு 1990-ல் வந்தது.

இதற்குப் பணம் செலவழிக்க வேண்டுமோ என்று நான் பயந்தேன். தேவையில்லை. 'லிப்ரே ஆபீஸ்' என்ற இலவச மென்பொருளில் 'இம்ப்ரெஸ்' என்று ஒரு பகுதி இருக்கிறது. கம்ப்யூட்டரே இல்லாதவர்கள் கையிலுள்ள போனில் 'கூகுள் ஸ்லைட்ஸ்' வைத்துக்கொள்ளலாம். இவற்றில் செய்ததை பவர்பாயிண்டிலும் திறக்கலாம். நான் ஓர் பழைய லேப்டாப்பில் இம்ப்ரெஸ் போட்டுத்தான் பழகினேன்.

குமாஸ்தா புத்தி

திறந்தவுடன் ஒரு வெள்ளைப் பலகை வருகிறது. அதுதான் ஸ்லைடு. தலைப்புக்கு ஒரு கட்டம், விஷயத்துக்கு ஒரு கட்டம். கட்டத்துக்குள் அமுக்கினால் எழுதலாம். அடுத்த பலகை வேண்டுமென்றால் 'கண்ட்ரோல்' விசையோடு 'எம்'. இடது ஓரத்தில் எல்லாப் பலகைகளும் சிறிதாக வரிசையாக நிற்கும். முன்பின் மாற்ற வேண்டுமானால் பிடித்து இழுத்து வைத்தால் போதும். டைப் அடிக்கத் தெரிந்தவனுக்கு இது ஒரு மணி நேர வேலை.

கஷ்டம் வேறு இடத்தில் இருந்தது. முதல் நாளே நான் ஆபீஸ் கடிதம் எழுதுவதுபோல் "மேற்கண்ட பொருள் தொடர்பாக" என்று ஆரம்பித்து 11 வரிகள் எழுதினேன். எழுத எழுத எழுத்துகள் தாமாகவே சுருங்கிக்கொண்டே போயின. கட்டத்துக்குள் அடங்க வேண்டுமென்று மென்பொருளே சுருக்குகிறது! பாதிக்கு மேல் சுருங்கிய பிறகுதான் கவனித்தேன்.

"சித்தப்பா, கூட்டத்துல இதை அப்படியே வாசிக்கப் போறீங்களா?"

"ஆமாம்மா."

"அப்ப எதுக்குத் திரை? வீட்டுக்கு ஒரு பேப்பர் குடுத்துரலாமே!"

எட்டு நாள் பாடத்தில் இந்த ஒரு கேள்விதான் பாதிப் பாடம். நாம் வாயால் சொல்ல வேண்டியது வேறு, திரையில் நிற்க வேண்டியது வேறு. சொல்ல வேண்டியதை ஸ்லைடுக்குக் கீழே உள்ள குறிப்புப் பகுதியில் எழுதிக்கொள்ளலாம். அது திரையில் வராது. திரையில் கடைசி வரிசைக் கிழவி கண்ணுக்கும் தெரிகிற ஒரு சங்கதி இருந்தால் போதும்.

ஏழு பேர் உயிர்

அந்தப் பெண் தன் கல்லூரியில் கேட்ட ஒரு சம்பவத்தைச் சொன்னாள். கல்பனா சாவ்லாவை நமக்கெல்லாம் தெரியும். ஹரியானாவில் கர்னாலில் பிறந்தவர். 2003 ஜனவரி 16-ல் அவரும் மற்ற 6 பேரும் கொலம்பியா விண்கலத்தில் புறப்பட்டபோது, எரிபொருள் டாங்கியிலிருந்து நுரைக் கட்டி ஒன்று பெயர்ந்து இடது இறக்கையில் அடித்தது. அவர்கள் மேலே சுற்றிக்கொண்டிருக்கும்போதே, ஆபத்து உண்டா என்று கீழே பொறியாளர்கள் ஆராய்ந்து, அதிகாரிகளுக்கு ஸ்லைடுகளாகக் காட்டினார்கள்.

அதில் ஒரு ஸ்லைடின் தலைப்பு ஆறுதலாக இருந்தது. அடியில், சிறிய எழுத்தில் முக்கியமான சங்கதி கிடந்தது: இதுவரை சோதித்துப் பார்த்த நுரைத் துண்டு 3 கன அங்குலம், இப்போது கணக்கில் எடுத்துக்கொண்டதோ 1,920 கன அங்குலம்! பிப்ரவரி 1-ம் தேதி திரும்பி வரும் வழியில் விண்கலம் சிதறி, ஏழு பேரும் மாண்டார்கள். அந்த ஒரு ஸ்லைடுதான் காரணம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அந்த ஆண்டு ஆகஸ்டில் வந்த விசாரணைக் குழுவின் அறிக்கை இந்த ஸ்லைடை எடுத்துப் போட்டு, முழு அறிக்கை எழுத வேண்டிய இடத்தில் ஸ்லைடுகளை வைத்து வேலை நடத்தும் பழக்கத்தைக் கண்டித்திருக்கிறது.

எங்கள் வாடகை உயிர்ப் பிரச்சினை இல்லைதான். ஆனாலும் 18 மாதத்துக்குப் பிறகு மாதாமாதம் வாடகையை இட்லி விற்று எங்கிருந்து கட்டுவார் அண்ணாச்சி?

தமிழ் எழுத்து கவிழ்த்தது

தமிழ் வீட்டாருக்காகத் தலைப்புகளைத் தமிழிலும் போட்டேன். சில வரிகளைப் பழைய சங்க நோட்டீஸ் பைலிலிருந்து எடுத்து ஒட்டினேன். என் லேப்டாப்பில் அழகாக இருந்தது. கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு செயலாளர் வீட்டுக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால், அந்த வரிகள் மட்டும் என்னவோ கிறுக்கலாக நின்றன! அவை பழைய முறை எழுத்துருவில் அடித்தவை. அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் அப்படித்தான் வரும். 'யூனிகோடு' முறையில் அடித்த தமிழ் எங்கே போனாலும் தமிழாகவே இருக்கும். விசைப்பலகை தெரியாவிட்டால் போனில் வாயால் சொல்லியும் அடிக்கலாம். ராத்திரி ஒரு மணி வரை உட்கார்ந்து திரும்ப அடித்தேன். 'பி.டி.எப்.' ஆக ஒரு நகலும் எடுத்து வைத்தேன். அது எந்தக் கம்ப்யூட்டரிலும் எழுத்து மாறாமல் திறக்கும்.

இன்னொன்று. தமிழ்ச் சொற்கள் நீளமானவை. சுழியும் புள்ளியும் நிறைந்தவை. ஆங்கிலத்துக்கு வைக்கிற அளவு நமக்குப் போதாது. நான் 36-க்குக் கீழே இறங்கவில்லை. வெள்ளையில் கறுப்பு எழுத்து. ஆடுகிற எழுத்து, பறந்து வருகிற படம் எல்லாம் மென்பொருளில் ஏராளம் உண்டு. இரண்டாம் நாள் ஆசைப்பட்டு எல்லாவற்றையும் போட்டேன், எட்டாம் நாள் எல்லாவற்றையும் எடுத்தேன்.

கூட்டம்

ஏழே ஸ்லைடுகள். 'எப் 5' விசையை அமுக்கினால் படம் திரை முழுக்க வரும் என்று பாடம். அமுக்கினேன், வரவில்லை. கை நடுங்கியது. சில லேப்டாப்களில் கூடவே 'எப்.என்.' என்ற விசையையும் அமுக்க வேண்டும். முன் வரிசையில் இருந்த அண்ணாச்சி மகள் உதட்டசைவில் சொன்னாள். வந்துவிட்டது.

நான்காவது ஸ்லைடில் இரண்டே எண்கள். இடது பக்கம் 18, வலது பக்கம் 36. கீழே "வாடகை மாதம்", "கட்டும் மாதம்" என்று இந்தியிலும் தமிழிலும். நான் எதுவும் பேசவில்லை. பத்து விநாடி கழித்துப் பின்வரிசையிலிருந்து ஒரு மராத்தி அம்மாள், "மீதி 18 மாதம் யார் கொடுப்பது?" என்று கேட்டார். அதன் பிறகு பேசாதவர் இல்லை! 'பி' விசையை அமுக்கித் திரையை இருட்டாக்கினேன். காட்சி நடக்கும்போது அதை அமுக்கினால் திரை கறுத்துவிடும். மறுபடி அமுக்கினால் வரும். எல்லோரும் திரையை விட்டு பில்டரின் ஆளைப் பார்த்தார்கள்.

"அதெல்லாம் பேசித் தீர்க்கலாம்" என்றார் அவர். "எழுத்தில் கொடுங்கள், பிறகு கையெழுத்து" என்று கூட்டம் முடிவு செய்தது.

கடிதம் இன்னும் வரவில்லை. அடுத்த ஞாயிறு மறுபடி கூட்டம். புது வீட்டின் அளவைப் பற்றியும் ஒரு ஸ்லைடு போட வேண்டும் என்று அண்ணாச்சி சொல்லியிருக்கிறார். அன்றைக்கு புரொஜெக்டர் வாடகை 800 ரூபாய் என் கையிலிருந்து போயிற்று. இந்த முறை சொசைட்டி தரும் என்கிறார் செயலாளர்.