பெயர் மூன்று, மருந்து ஒன்று!

பரீட்சைக்கு இரண்டே நாள். பல்கலைக்கழக விடுதி மாணவனுக்கு ஜுரம். டாக்டரிடம் போனால் அரை நாள் வீண்! பக்கத்து அறை நண்பன்தான் அவனுக்கு டாக்டர். நண்பனிடம் ஒரு பிஸ்கட் டப்பா. திறந்தால், குட்டி மருந்துக் கடை!

ஜுரத்துக்கு ஒரு மாத்திரை, சளிக்கு வேறு ஒன்று, உடம்பு வலிக்கு இன்னொன்று. நிறம் வேறு, பெயர் வேறு. அட்டையின் பின்னால் உள்ள பொடி எழுத்தைப் படித்தால், பல சமயம் மூன்றிலும் இருப்பது 'பாராசிட்டமால்'தான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஜுர மாத்திரையில் 650 மில்லி கிராம். நாலு வேளைக்கு 2,600. சளி மாத்திரையில் 500. மூன்று வேளைக்கு 1,500. வலி மாத்திரையில் 325. இரண்டு வேளைக்கு 650. ஆக மொத்தம் 4,750! பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு 4,000-க்கு மேல் கூடாது. கணிதம் படிக்கும் பையன்கூட இந்தக் கூட்டலைப் போடுவதில்லை!

இப்படியே நாலைந்து நாள் தொடர்ந்தால் ஈரல் கெடலாம். பட்டினி கிடப்பவருக்கும் குடிப்பவருக்கும் அபாயம் அதிகம். பரீட்சை சமயத்தில் வேளைக்குச் சாப்பிடுகிறவர் யார்?

கெடுதல் உடனே தெரியாது. முதல் நாள் சிலருக்கு வாந்தி வரும்; சிலருக்கு அதுவும் இல்லை. பிறகுதான் வலது விலாவுக்குக் கீழே வலி, மஞ்சள் காமாலை.

முறிவு மருந்து உண்டு. ஒரேயடியாக அளவு மீறி விழுங்கியவருக்கு 8 மணி நேரத்துக்குள் அதைக் கொடுத்தால் பலன் மிக அதிகம். ஆஸ்பத்திரிக்குப் புறப்படும்போது அந்த பிஸ்கட் டப்பாவும் கூடவே போகட்டும். எதை, எத்தனை, எப்போது விழுங்கினான் என்றுதான் டாக்டர் கேட்பார்.