கணினித் துணைக்கருவிகளும் வீட்டு மின்னிணைப்பும்

ஹைதராபாத் நகரின் அமீர்பேட் கணினிப் பயிற்சி நிலையங்களுக்குப் பெயர் பெற்ற பகுதியாகும். வெளியூர்களிலிருந்து வரும் இளைஞர்கள் அங்கு விடுதிகளில் தங்கிப் பயில்கின்றனர். இத்தகைய மாணவருக்கு மடிக்கணினியே முதலீடு எனலாம். மவுஸ் இடையிடையே நின்றுபோதல், ஒலிபெருக்கியில் இரைச்சல், உலோக உறையைத் தொட்டால் சுருக்கென்ற உணர்வு ஆகியவை தோன்றினால், புதிய கருவி வாங்கவே பலர் முற்படுகின்றனர். ஆனால் கோளாறு சுவரிலுள்ள பிளக் பாயிண்டிலும் இருக்கக்கூடும்.

இதனை அறிய எளிய வழி உண்டு. சார்ஜரைக் கழற்றிவிட்டுக் கணினியைப் பேட்டரியில் இயக்க வேண்டும். கோளாறு மறைந்தால், சார்ஜரையோ மின்னிணைப்பையோ ஐயுறலாம். வேறொரு கட்டடத்தில் அதே சார்ஜர் ஒழுங்காக இயங்கினால், குறை பெரும்பாலும் அறையின் இணைப்பில்தான். பேட்டரியிலும் கோளாறு நீடித்தால், துணைக்கருவியை வேறு கணினியில் பொருத்திப் பார்க்க வேண்டும்.

நமது வீடுகளுக்கு 230 வோல்ட் மின்சாரம் வழங்கப்படுகிறது. மூன்று முனை பிளக் கொண்ட சார்ஜர்களில் மின் இரைச்சலை வடிகட்டும் சிறு மின்தேக்கிகள் உள்ளன. எர்த் எனப்படும் நில இணைப்பு இல்லையெனில், அவற்றின் வழியே கசியும் சிறு மின்னோட்டம் உலோக உறையை அடைகிறது. மின்காப்பு பழுதுற்றாலும் இதே உணர்வே தொடக்கத்தில் தோன்றக்கூடும். ஆதலால் அதனைப் புறக்கணித்தல் ஆகாது. மூன்று துளைகள் இருந்தும் எர்த் கம்பி இணைக்கப்படாத பிளக் பாயிண்டுகளும் உண்டு.

எர்த் துளையை நியூட்ரலுடன் இணைப்பது பெருந்தவறு. நியூட்ரல் அறுந்தால் உலோக உறை முழுவதும் மின்னேற்றம் பெற்று உயிரைப் பறிக்கும். மும்முனை மின்சாரமுள்ள கட்டடத்தில் சில விளக்குகள் மிகப் பிரகாசமாகவும் சில மங்கலாகவும் எரிந்தால், நியூட்ரல் பழுதுற்றதெனக் கருதி மெயின் சுவிட்சை உடனே நிறுத்த வேண்டும். அப்போது மின்னழுத்தம் 400 வோல்ட்டை நெருங்கக்கூடும்.

நில இணைப்புக்கான நெறிமுறைகளை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 3043 வகுத்துள்ளது. 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. சாதனமும் கடைகளில் கிடைக்கிறது. எனினும் இவற்றின் செலவு கட்டட உரிமையாளருடையது. இழப்போ வாடகைக்கு இருப்பவருடையது. புறக்கணிப்புக்கு இதுவே அடிப்படைக் காரணம் எனலாம். ஆகவே, விடுதிகளைப் பார்வையிடும் அதிகாரிகள் எர்த் இணைப்பையும் தகுதி பெற்ற மின் பணியாளரைக் கொண்டு சோதித்தறிய வேண்டும். அறையை வாடகைக்கு எடுக்குமுன் இதுபற்றி வினவுவது மாணவர்க்கும் நலம் பயக்கும்.