இரண்டு இணைப்பு, ஒரே கம்பம்!

குடிநீரும் மின்சாரமும் போல இணையமும் இன்று வீட்டின் அடிப்படைத் தேவையாகிவிட்டது. வங்கிக் கணக்கு, மருத்துவ ஆலோசனை, அலுவலகப் பணி, பிள்ளைகளின் படிப்பு என அனைத்தும் அதை நம்பியே நடக்கின்றன. ஒன்று பழுதானால் மற்றொன்று கைகொடுக்கும் என்று பலரும் இரண்டு நிறுவனங்களிடம் இணைப்பு பெறுகின்றனர். நானும் அவ்வாறே பெற்றிருந்தேன்.

சில மாதங்களுக்கு முன், மாணவி ஒருவரின் முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளராக வீட்டிலிருந்தபடியே இணையவழியில் பங்கேற்றேன். பாதியில் தொடர்பு அறுந்தது. தெருமுனையில் திரும்பிய லாரி ஒன்று கம்பத்திலிருந்த கம்பிகளை இழுத்துச் சென்றுவிட்டது. என் இரண்டு இணைப்புகளும் அந்த ஒரே கம்பத்தின் வழியாகத்தான் வந்தன என்பது அன்றுதான் தெரிந்தது. தேர்வு தள்ளிவைக்கப்பட்டது. பல ஆண்டுகள் உழைத்த மாணவியின் காத்திருப்பு என் கவனக்குறைவால் மேலும் நீண்டது.

இடரைப் பகிர்ந்தளிப்பது குறித்து வகுப்பறையில் பாடம் நடத்தியவன் நான் என்பதே இதில் வேதனை. முதலீட்டைப் பலவாகப் பிரித்தால் மட்டும் போதாது, அவை ஒருசேர வீழாதவையாகவும் இருக்க வேண்டும் என்பது பொருளியலறிஞர் ஹாரி மார்கோவிட்ஸ் 1952-இல் வெளியிட்ட கட்டுரையின் சாரம். 1990-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் அவர்.

ஓர் இணைப்பு நூறு மணி நேரத்தில் ஒரு மணி நேரம் செயலிழக்கிறது என்று கொள்வோம். ஆண்டுக்கு அது ஏறத்தாழ 88 மணி நேரம். ஒன்றுக்கொன்று தொடர்பற்ற இரண்டு இணைப்புகள் ஒரே வேளையில் செயலிழக்கும் நேரமோ ஆண்டுக்கு ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. ஒரே கம்பத்தில் வருபவற்றுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. எனவே, ஒன்று கண்ணாடி இழை வழியாக வந்தால், மற்றொன்று கைப்பேசிக் கோபுரம் வழியாக வருவது நல்லது.

அதன் பிறகே ரூட்டரைத் தேர்வு செய்ய வேண்டும். இரண்டு இணைப்புகளையும் ஏற்கும் ரூட்டர்கள் இருவகையாகச் செயல்படுகின்றன. ஒன்று, முதன்மை இணைப்பு நின்றதும் மற்றதற்கு மாறும் முறை. மற்றொன்று, இரண்டையும் ஒரே நேரத்தில் பயன்படுத்திச் சுமையைப் பகிரும் முறை. பகிர்வு முறையில் வேகம் இரட்டிப்பாகும் என்று எண்ணுவது தவறு. பலர் பயன்படுத்தும்போது நெரிசல் குறையும். ஒரு கோப்பை மட்டும் தரவிறக்கினால் பொதுவாக ஓர் இணைப்பின் வேகமே கிடைக்கும். மேலும், கோரிக்கைகள் இருவேறு முகவரிகளிலிருந்து வருவதைக் காணும் சில வங்கித் தளங்கள் பயனரை வெளியேற்றிவிடக்கூடும். பெரும்பாலான வீடுகளுக்கு மாறும் முறையே போதுமானது.

வாங்கும்போது கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி, பழுதை ரூட்டர் எவ்வாறு உணர்கிறது என்பது. வீட்டுக்குள் கம்பி சரியாக இருக்கும், விளக்கும் எரியும், வெளியே இணையம் இருக்காது. கம்பி செருகப்பட்டிருக்கிறதா என்று மட்டும் பார்க்கும் ரூட்டர் இதை அறியாது. வெளியுலக முகவரி ஒன்றை அவ்வப்போது தொடர்புகொண்டு சரிபார்க்கும் ரூட்டரே தேவை. இரண்டாவது இணைப்பு கைப்பேசி வழி என்றால், சிம் பொருத்தும் வசதியோ, டாங்கிள் செருகும் யுஎஸ்பி முனையோ இருக்கிறதா எனப் பார்க்க வேண்டும். முனைகளின் திறனும் முக்கியம். 100 எம்பிபிஎஸ் முனையில் 300 எம்பிபிஎஸ் இணைப்பைச் செருகினால் மீதிப் பணம் வீண்.

மின்சாரத்தையும் மறக்கலாகாது. ரூட்டருக்கு மட்டும் யுபிஎஸ் வைத்துவிட்டு, கண்ணாடி இழை வந்து சேரும் மோடத்தை விட்டுவிட்டால் மின்வெட்டில் பயனில்லை. இரண்டுக்கும் சேர்த்தே வைக்க வேண்டும். தரமான ரூட்டரும்கூட இணைப்பு மாறுவதற்குச் சில விநாடிகள் எடுத்துக்கொள்ளலாம். காணொலி அழைப்பு அறுந்தால் மீண்டும் இணைய வேண்டியிருக்கும்.

எல்லாம் பொருத்திய பின் சோதிக்க மறக்கும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. மாதம் ஒருமுறை முதன்மைக் கம்பியைப் பிடுங்கிப் பார்ப்பதற்குச் செலவு ஏதுமில்லை. அந்த மாணவியின் தேர்வு மீண்டும் நடந்த நாளுக்கு முந்தைய மாலை நான் அதைத்தான் செய்தேன். ஏறத்தாழ இருபது விநாடிகளில் இணைப்பு மீண்டது. மறுநாள் தேர்வு தடையின்றி முடிந்தது, கம்பி அறுபடவில்லை. அறுபட்டிருந்தாலும் அவர் இன்னொரு மாதம் காத்திருக்க நேர்ந்திருக்காது.