கால் ஒடிந்த மாடு

"கால் ஒடிந்த மாடு, ஆற்றில் ஆழமான இடம் (2)."

இந்த வரியைக் காட்டினால் எங்கள் மத்தூரில் முதலில் வரும் கேள்வி, "யார் வீட்டு மாடு?" என்பதுதான். தென்பெண்ணை, வெள்ளம், கால்நடை மருத்துவர் என்று மனம் ஓடிவிடும். அந்த ஓட்டத்தை நிறுத்துவதுதான் புதிரை அவிழ்ப்பவருக்கு முதல் வேலை. மாட்டை விட்டுவிட்டு 'மாடு' என்ற இரண்டு எழுத்தை மட்டும் பாருங்கள். 'மா'வுக்கு ஒரு துணைக்கால் இருக்கிறது. அதை ஒடித்தால் 'மடு'. ஆற்றில் ஆழமான இடத்துக்குப் பெயர் மடு. அடைப்புக்குள் உள்ள 2, விடைக்கு எத்தனை கட்டம் என்பதைச் சொல்கிறது.

சாதாரணக் குறுக்கெழுத்தில் 'ஆற்றுப் பள்ளம்' என்று பொருளை மட்டும் தருவார்கள். கிரிப்டிக் என்று ஆங்கிலத்தில் சொல்லும் இந்த வகையில் விடை இரண்டு முறை சொல்லப்படுகிறது: ஒரு முறை நேர்ப்பொருளாக, இன்னொரு முறை எழுத்து விளையாட்டாக. நேர்ப்பொருள் பெரும்பாலும் வரியின் முதலிலோ கடைசியிலோதான் இருக்கும். இரண்டு வழியும் ஒரே சொல்லில் வந்து முட்டும்போது விடை சரியா என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை, அடுத்த வாரம் வரும் விடைப் பக்கத்துக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

ஓசூர் சிப்காட்டில் வாகன உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். துளை சரியாக இருக்கிறதா என்று பார்க்க எங்களிடம் 'கோ, நோ-கோ கேஜ்' இருக்கும். ஒரு முனை துளைக்குள் போயாக வேண்டும், மறுமுனை போகவே கூடாது. இரண்டும் சரியாக இருந்தால்தான் பாகம் தேறும். நல்ல புதிர்க் குறிப்பும் அப்படித்தான். சரியான விடையை உள்ளே விட வேண்டும், மற்ற எதையும் விடக் கூடாது. அதில் ஒரு சொல்கூட வெறுமனே நிற்கக் கூடாது. இந்த நேர்மைதான் என்னை இதில் பிடித்து வைத்திருக்கிறது.

எதிர்வீட்டில் பிளஸ் டூ படிக்கும் பெண்ணுக்கு ஒரு நாள் இதை எழுதிக் கொடுத்தேன்: "ராகியைத் திருப்பி, மரத்தின் இரு ஓரமும் போட்ட ஊர் (4)."

"களத்துல ராகி காயப் போடறதா தாத்தா?"

"களத்தை விடு. எழுத்தைப் பாரு."

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "ராகியத் திருப்பினா கிரா. மரத்துக்கு ஓரம்னா... முதல்ல ம, கடைசில ம்." அடுத்த நொடி, "கிராமம்!" என்று கத்திவிட்டாள். யாரும் சொல்லிக் கொடுக்காமலே 'ஊர்' என்பதுதான் பொருள் என்றும் கண்டுகொண்டாள்.

'திருப்பி' என்றால் பின்னிருந்து படி. 'ஓரம்' என்றால் முதலும் கடைசியும். 'குலைந்த', 'கலைந்த' என்றால் எழுத்தை மாற்றி அடுக்கு. இந்தச் சைகைகள் பழகிவிட்டால் பாதி கிணறு தாண்டிய மாதிரி. "நகரத்தின் தலையைக் கொய்த கை (3)" என்றால் 'நகரம்' என்பதில் முதலெழுத்தை எடுக்க வேண்டும், கரம். "கருங்கல் விலைக்குள் படிப்பு (3)" என்பதில் கிரானைட் வியாபாரம் எதுவும் இல்லை. 'கருங்கல் விலை' என்று எழுதி இடைவெளியை மூடிவிட்டுப் பாருங்கள், நடுவில் 'கல்வி' உட்கார்ந்திருக்கும். "கொடு, போல்ட்டில் சுற்றியிருப்பதை, குளத்தில் பூக்கும் (3)." பட்டறையில் கை வைத்தவர்களுக்கு இது சட்டென்று வரும். கொடு என்றால் தா, போல்ட்டில் சுற்றியிருப்பது மரை. தாமரை.

எங்கள் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். "கிராமத்துக்கு முன் மோர் கடைவது, போச்சம்பள்ளிக்குப் பக்கம் (4)." மத்து, அதன் பின் ஊர், மத்தூர். ஊருக்குப் பெயர் வந்த கதை இது என்று நான் சொல்லவில்லை, புதிருக்கு அது தேவையும் இல்லை. மத்தும் ஊரும் சேரும்போது நடுவில் ஓர் உகரம் காணாமல் போகிறதே, பள்ளியில் பயந்து பயந்து படித்த அந்தப் புணர்ச்சி இலக்கணம் இங்கே விளையாட்டுச் சாமானாகிவிடுகிறது.

ஆங்கிலப் புதிர்களில் எழுத்தைக் கலைத்துப் போடுவதுதான் அதிகம். தமிழில் அது அத்தனை சுலபமில்லை. 'கவலை'யைக் கலைத்தால் 'கலவை' வரும் என்று தோன்றும். வராது. கட்டத்தில் நாம் எழுதுவது உயிர்மெய். 'லை' வேறு, 'வை' வேறு. ஐகாரம் ஓர் எழுத்தைவிட்டு இன்னோர் எழுத்துக்குத் தாவாது. எப்போதாவது சரியான ஜோடி அமையும்: "தரம் குலைந்த தேர் (3)." தரம் என்ற மூன்றெழுத்தை மாற்றி அடுக்கினால் ரதம். வாழ்நாளெல்லாம் தரம் பார்த்தவனுக்கு இதைவிட இனிய புதிர் வேண்டுமா?

கலைப்பதில் குறைந்ததைத் தமிழ் மற்றவற்றில் ஈடுகட்டிவிடுகிறது. கால், கொம்பு, புள்ளி, தலை, இடை, கடை, உயிர், மெய் என்று நம் எழுத்தின் உறுப்புகளுக்கே உடம்பின் பெயர்கள். 'உயிர் போன', 'கொம்பு முளைத்த', 'புள்ளி வைத்த' என்று குறிப்பு எழுதுகிறவருக்கு அள்ள அள்ளக் கிடைக்கும்.

இதெல்லாம் இறக்குமதிச் சரக்கு என்று நினைப்பவர்கள் தண்டியலங்காரத்தின் சொல்லணியியலைப் புரட்டிப் பார்க்க வேண்டும். ஏறத்தாழ 12-ஆம் நூற்றாண்டு நூல் அது. ஒரு சொல்லிலிருந்து எழுத்து ஒவ்வொன்றாகக் குறையக் குறைய வேறு வேறு பொருள் தருவதை அக்கரச்சுதகம் என்றும், எழுத்து கூடக் கூடப் பொருள் மாறுவதை எழுத்து வருத்தனம் என்றும் அது வகைப்படுத்துகிறது. ஒரு பாட்டுக்குள் இன்னொரு பாட்டை ஒளித்து வைத்தால் கரந்துறைச் செய்யுள். நம் 'கருங்கல் விலை' அதன் கொள்ளுப் பேத்தி. முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றேயாகும் மாலைமாற்றில் சம்பந்தர் ஒரு பதிகமே பாடியிருக்கிறார். பாம்பையும் எள்ளையும் ஒரே வெண்பாவில் பாடிய காளமேகத்தின் சிலேடையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கருவிகள் எல்லாம் நம் வீட்டுப் பரணிலேயே இருந்தன. கட்டம்தான் வெளியிலிருந்து வந்தது.

அந்தக் கட்டம் 1913 டிசம்பர் 21 அன்று 'நியூயார்க் வேர்ல்டு' நாளிதழில் ஆர்தர் வின் போட்டது. அதில் பொருள் குறிப்புகள்தான் இருந்தன. வார்த்தை ஜாலத்தைக் கலையாக வளர்த்தவர்கள் ஆங்கிலேயர்கள். 1926 முதல் 'அப்சர்வர்' இதழில் டார்க்கமாடா என்ற புனைபெயரில் எட்வர்டு மேதர்ஸ் எழுதினார். அவருக்குப் பின் வந்த சிமினீஸ், குறிப்பு நியாயமாக இருக்க வேண்டும் என்பதற்கான விதிகளை 1966-இல் புத்தகமாகவே போட்டார். நம் பக்கம், 'தி இந்து' 1971-இல் சொந்தமாகப் புதிர் வெளியிடத் தொடங்கியபோது அதை அமைத்தவர் அட்மிரல் ராம் தாஸ் கட்டாரி. செங்கல்பட்டில் பிறந்தவர், நம் கடற்படைக்குத் தலைமை ஏற்ற முதல் இந்தியர்.

அதற்கு முன்பு இங்கே குறுக்கெழுத்து என்றால் பரிசுப் போட்டிதான். ஓசூருக்குப் பக்கத்திலேயே, பெங்களூரில் அச்சான ஒரு பத்திரிகை 'ஆர்.எம்.டி.சி. கிராஸ்வேர்ட்ஸ்' என்று நடத்தியது. குறிப்புக்கு இரண்டு சொல்லும் பொருந்தும். நடத்துபவர் முன்கூட்டியே தீர்மானித்து வைத்த சொல்லோடு உங்கள் சொல் ஒத்துப்போனால் பரிசு. 1955-இல் மத்திய அரசு சட்டம் கொண்டுவந்து, மாதப் பரிசு ஆயிரம் ரூபாயைத் தாண்டக் கூடாது என்றது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1957-இல் இத்தகைய போட்டி சூதாட்டம் என்றே தீர்ப்பானது. குறுக்கெழுத்தின் மேல் நம் பெரியவர்களுக்கு இருந்த கசப்புக்கு இது ஒரு காரணம் என்று நினைக்கிறேன். ஆனால் அங்கே விடை நடத்துபவரின் பெட்டிக்குள் இருந்தது. இங்கே குறிப்புக்குள்ளேயே இருக்கிறது.

தமிழில் இந்த வகைப் புதிருக்கு நிலையான இடம் கொடுத்தது, கலிபோர்னியாவிலிருந்து வரும் 'தென்றல்' மாத இதழ். வாஞ்சிநாதன் அதில் பல ஆண்டுகள் புதிர் அமைத்திருக்கிறார். கடல் தாண்டி இருப்பவர்கள் தமிழ்ச் சொல்லை இப்படிக் கையில் வைத்து உருட்டுகிறார்களே என்று மகிழ்ச்சியாக இருக்கிறது. இங்கிருக்கும் வார இதழ்களும் கால் பக்கம் ஒதுக்கலாம். படிக்கிறவர்கள் திணறுவார்கள் என்ற பயம் வேண்டாம். எங்கள் தெருவில் திணறவில்லை.

எதிர்வீட்டுப் பெண் இப்போது தானே குறிப்பு எழுதுகிறாள். போன வாரம் கொண்டுவந்தது: "மாடிக்குப் போகவும் நெல் அளக்கவும் வேண்டும், நம்ம ஊரில் சம்பளத்தோடும் வரும் (2)." படி. மூன்று பொருளும் கச்சிதம். பஞ்சப்படி அவள் அப்பாவின் சம்பளச் சீட்டில் பார்த்ததாம்.

"நம்ம ஊரில்னு ஏம்மா போட்ட?"

"சும்மா, அழகா இருக்கேன்னு தாத்தா."

பேனாவை அவளிடமே கொடுத்தேன். அந்த இரண்டு சொல்லையும் அடித்துவிட்டு, கட்டங்களைத் திரும்ப எண்ணினாள்.