பனியில்லாத பள்ளத்தாக்கு

புவியியல் வகுப்பில் உலகப்படம் வரையும்போது, அண்டார்க்டிகாவுக்கு மட்டும் நாம் வண்ணம் தீட்டுவதில்லை. பனிக்கண்டந்தானே என்று வெள்ளையாகவே விட்டுவிடுகிறோம். ஆனால் ராஸ் கடலின் மேற்குக் கரையருகே ஒரு சிறு பழுப்புப் பொட்டு வைக்க வேண்டும். அங்கே சுமார் 4,500 சதுர கிலோமீட்டர் நிலம் பனியின்றி, வெறும் கல்லும் மணலுமாகக் கிடக்கிறது. இதுவே மக்மர்டோ உலர் பள்ளத்தாக்குப் பகுதி.

அங்கு குளிர் குறைவோ என்று நாம் எண்ணிவிடலாகாது. ஆண்டின் சராசரி வெப்பநிலையே பூச்சியத்துக்குக் கீழே 20 டிகிரி அளவில் உள்ளது. கண்டத்தின் உட்பகுதியிலிருந்து நகர்ந்து வரும் பனிப்பாளத்தை உயர்ந்த மலைத்தொடர் அணைபோல் தடுத்துவிடுகிறது. பெய்யும் சொற்பப் பனியையும் மலையிலிருந்து இறங்கும் வறண்ட காற்று விட்டுவைப்பதில்லை. துணிப்பெட்டியில் வைத்த அந்துருண்டை உருகாமலே மறைந்துபோகிறதல்லவா? அங்கே பனியும் அப்படித்தான் மறைகிறது.

இங்குள்ள ஆனிக்ஸ் ஆறு விந்தையானது. கோடையில் சில வாரங்களே ஓடும் இது, கடலை நோக்கிப் போகாமல் உள்நாட்டை நோக்கி 30 கிலோமீட்டர் போல ஓடி, வாண்டா ஏரியில் கலக்கிறது. ஏரியின் மேலே மூன்று நான்கு மீட்டர் தடிப்பில் பனிக்கட்டி. அடியிலோ ஏறத்தாழ 25 டிகிரி வெப்பம்! உப்பு மிகுந்து கனத்த அடிநீர் மேல்நீருடன் கலப்பதில்லை. தெளிந்த பனிக்கட்டி வழியே புகும் சூரிய வெப்பம் அதிலேயே தங்கிவிடுகிறது.

1903-இல் ஸ்காட் தம் தோழர்களுடன் டெய்லர் பள்ளத்தாக்கில் இறங்கி நடந்தார். ஒரு கடல்நாயின் எலும்புக்கூட்டைக் கண்டார்களேயன்றி, உயிருள்ள எதையும் அவர்கள் காணவில்லை. ஆனால் அம்மண்ணில் கண்ணுக்குத் தெரியாத நூற்புழுக்கள் வாழ்கின்றன. வறண்ட ஓடைகளில் கருகினாற்போல் கிடக்கும் பாசிப்படலம், கோடையில் நீர் பட்டதும் மீண்டும் உயிர்க்கிறது. 1976-இல் இப்பகுதியின் மணற்பாறைகளுக்குள்ளேயே, மேற்பரப்புக்குச் சில மில்லிமீட்டர் அடியில், நீலப்பச்சைப் பாசி வாழ்வது தெரியவந்தது. கல்லை உடைத்தால் பச்சைக் கோடு!

இத்தகைய மண்ணில் பதிந்த காலடி எளிதில் அழிவதில்லை. ஆகவே ஆராய்ச்சியாளர்கள் குறித்த தடங்களிலேயே நடக்கிறார்கள். கழிவுகளை மட்டுமன்று, பாத்திரம் கழுவிய நீரைக்கூடச் சேமித்து வெளியே எடுத்துச் செல்கிறார்கள்.