முள் அசையவில்லையா? மீட்டரை மாற்றுமுன் சற்றுப் பொறுங்கள்

தொட்டியை நிரப்பிய பின்னும் காரின் எரிபொருள் முள் அடியிலேயே கிடந்தால், நாம் முதலில் சந்தேகிப்பது டாஷ்போர்டு மீட்டரைத்தான். "மீட்டர் போய்விட்டது, முழுத் தொகுப்பையும் மாற்ற வேண்டும்" என்ற பதிலே பணிமனைகளில் சில வேளைகளில் கிடைக்கிறது. ஆனால் மீட்டர், செய்தி வந்து சேரும் கடைசி இடம் மட்டுமே. கணக்கில் இருப்பு ஒத்துவராதபோது நாம் புதிய பாஸ்புத்தகம் கேட்பதில்லை. எந்தப் பதிவில் வேறுபாடு என்றுதான் தேடுகிறோம். இங்கும் அதே முறை பயன்படும்.

செய்தி வரும் வழி

எரிபொருள் தொட்டிக்குள் ஒரு மிதவை உள்ளது. அது ஏறி இறங்கும்போது அதனுடன் இணைந்த மின்தடை மாறுகிறது. அம்மாற்றமே கம்பி வழியாக டாஷ்போர்டை அடைந்து முள்ளை நகர்த்துகிறது. ஆகவே மிதவை அலகு, கம்பி இணைப்புகள், எர்த், ஃபியூஸ், மீட்டர் ஆகிய ஐந்தில் எதிலும் கோளாறு இருக்கலாம். மிக அதிகச் செலவு பிடிப்பது பெரும்பாலும் மீட்டர் தொகுப்பே. எனவே அதைக் கடைசியாகச் சந்தேகிப்பதே சிக்கனம்.

சோதிக்கும் வரிசை

பல முட்கள் ஒரே நேரத்தில் செயலிழந்தால், அவற்றுக்குப் பொதுவான ஃபியூஸையும் எர்த் இணைப்பையும் முதலில் பார்க்க வேண்டும். ஒரு முள் மட்டும் நின்றிருந்தால் அதற்குரிய இணைப்புகளைப் பார்க்கலாம். மழைநீரில் ஓடிய கார்களில் இணைப்பு முனைகளில் களிம்பு ஏறியிருப்பது உண்டு. சுத்தம் செய்தாலே சில நேரங்களில் முள் உயிர்பெறும்.

மாருதி 800 போன்ற பழைய கார்களில், அனுபவமுள்ள மெக்கானிக் மிதவை அலகின் கம்பியைக் கழற்றி, சிறிய பல்பு ஒன்றின் வழியாக எர்த்துடன் இணைத்துப் பார்ப்பார். முள் நகர்ந்தால் மீட்டரும் கம்பியும் நலம். பழுது தொட்டியின் பக்கம் உள்ளது. பெட்ரோலின் அருகே தீப்பொறி ஆபத்தானது என்பதால் இதை நாமே செய்யலாகாது.

பாரத் ஸ்டேஜ் 6 விதிகள் 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தபின் விற்பனையான கார்களில் இம்முறை பொருந்தாது. அவற்றில் ஸ்கேனர் கருவியை இணைத்து, காரின் கணினி பெறும் அளவையே படிக்க வேண்டும். ஓடிச் சூடான எஞ்சினின் வெப்பம் ஸ்கேனரில் 90 டிகிரி என்றிருக்க, முள் அடியில் கிடந்தால் குறை டாஷ்போர்டில். ஸ்கேனரிலேயே அளவு பொருந்தாவிட்டால் சென்சாரையும் கம்பியையும் ஆராய வேண்டும்.

வெப்ப முள்ளை முதலில் நம்புங்கள்

வெப்ப முள் சிவப்பைத் தொட்டால், மீட்டர் பழுது என்று கருதி ஓட்டக் கூடாது. பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி எஞ்சினை அணைக்க வேண்டும். சூடு தணியும்வரை ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது. குளிர்விப்பு நீர் முழுதும் ஒழுகிவிட்டால், நீரைத் தொடாத சென்சார் வெப்பத்தைக் குறைத்தும் காட்டக்கூடும். முள் திடீரென்று கீழே விழுவதும் எச்சரிக்கைதான். மாறாக, முள் எப்போதும் தாழ்ந்தே இருந்தால், தெர்மோஸ்டாட் திறந்தபடி சிக்கி, மீட்டர் உண்மையையே சொல்லிக்கொண்டிருக்கலாம்.

அதிக வெப்பத்தில் சிலிண்டர் ஹெட் வளைந்தால் செலவு பெரிது. வழக்கமான மோட்டார் காப்பீட்டில் இயந்திரப் பழுது விலக்கப்பட்ட இனம். கார் நின்றாலும் கடன் தவணை நிற்காது என்பதை நாம் மறக்கலாகாது.

மாற்றியே தீரவேண்டுமானால்

மீட்டர் தொகுப்பை மாற்றினால், பழைய கிலோமீட்டர் அளவையும் புதிய தொகுப்பின் அளவையும் பில்லில் எழுதி வாங்குங்கள். பின்னாளில் காரை விற்கும்போது நமது நேர்மைக்கு அதுவே சான்று. பழுது நீங்கும்வரை, தொட்டியை நிரப்பியவுடன் டிரிப் மீட்டரைச் சுழியமாக்கி, ஓடிய தூரத்தைக் கணக்கிட்டு முன்கூட்டியே எரிபொருள் நிரப்பலாம். பணத்தைக் கொடுக்குமுன் மெக்கானிக்கிடம் ஒரு கேள்வி கேட்போம்: "மீட்டர்தான் பழுது என்பது எந்தச் சோதனையில் தெரிந்தது?" தெளிவான பதில் கிடைத்த பின் செலவு செய்வோம்.