கொருக்குப்பேட்டையில் வீட்டு ஹாம் வானொலி நிலையமும் ரிப்பீட்டர் பயன்பாடும்

ஹாம் வானொலி என்று பரவலாக அறியப்படும் அமெச்சூர் வானொலியில், ஒருவர் தம் வீட்டில் நிலையாக நிறுவி, பேசவும் கேட்கவும் பயன்படுத்தும் நிலையம் வீட்டு நிலையம் அல்லது பேஸ் ஸ்டேஷன் எனப்படுகிறது. வடசென்னையின் கொருக்குப்பேட்டை அதற்கு எளிய இடமன்று. நெருக்கமான வீடுகள், மொட்டைமாடியை உரசும் மின்கம்பிகள், ரயில் பாதைகள், உப்புக்காற்று எனத் தடைகள் பல. ஆனால் அது தேவைப்படும் இடமும் இதுவே. பக்கிங்காம் கால்வாயை ஒட்டிய இத்தாழ்நிலப் பகுதியில் மழைநீர் எளிதில் வடிவதில்லை. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் வடசென்னையின் பல தெருக்களில் மின்சாரமும் செல்பேசியும் ஒருசேர நின்றன.

உரிமம்

இந்தியாவில் உரிமமின்றி அமெச்சூர் நிலையம் அமைப்பது குற்றம். ஒன்றிய தொலைத்தொடர்புத் துறையின் வயர்லெஸ் திட்டமிடல் மற்றும் ஒருங்கிணைப்புப் பிரிவு தேர்வு நடத்தி உரிமம் வழங்குகிறது. 12 வயது நிறைந்தவர்கள் தேர்வு எழுதலாம். கட்டுப்படுத்தப்பட்ட நிலை உரிமத்துக்கு மோர்ஸ் தேவையில்லை. அதில் தேறியவரின் அழைப்புக்குறி வி.யு.3 என்று தொடங்கும். மோர்ஸ் உட்பட்ட பொது நிலைத் தேர்வில் தேறியவருக்கு வி.யு.2 என்று தொடங்கும் குறி கிடைக்கும்.

காசிமேட்டு விசைப்படகுகளில் உள்ள வி.எச்.எஃப். கருவி வேறு வகை. அது கடல்சார் சேவைக்கு உரியது. அதன் அவசர அலைவரிசை 156.8 மெகாஹெர்ட்ஸ். அமெச்சூர்களின் 2 மீட்டர் பட்டை 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரை உள்ளது. ஒரே கருவியில் இரண்டும் கேட்கக்கூடும் என்றாலும், ஒன்றின் உரிமத்தைக் கொண்டு மற்றொன்றில் பேச முடியாது.

ஆன்டெனாவும் கேபிளும்

புதிதாக நிலையம் அமைப்பவர்கள் கருவியின் வாட் அளவையே முதலில் பார்க்கிறார்கள். 2 மீட்டர் பட்டையில் அதைவிட முக்கியம் ஆன்டெனாவின் உயரம். இந்த அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் செல்பவை. ஆன்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.1 ஆல் பெருக்கினால் வானொலி அடிவானம் எத்தனை கிலோமீட்டர் என்பது தோராயமாகக் கிடைக்கும். தெருவில் நிற்பவர் கையிலுள்ள வாக்கி-டாக்கிக்கு அது 5 கி.மீ.; கட்டடங்கள் மறைப்பதால் நடைமுறையில் ஓரிரு கிலோமீட்டரே தேறும். இரண்டு மாடி வீட்டின் மேல் ஜி.ஐ. குழாய் நட்டு, 12 மீட்டர் உயரத்தில் ஆன்டெனா வைத்தால் அது 14 கி.மீ. ஆகிறது.

கால் அலை நீள ஆன்டெனாவை வீட்டிலேயே செய்யலாம். 145 மெகாஹெர்ட்ஸுக்கு நிமிர்ந்த கம்பி சுமார் 49 செ.மீ.; அடியில் சாய்வாக நான்கு கம்பிகள். எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரில் 1.5-க்குக் கீழ் வரும்வரை கம்பியைச் சிறிது சிறிதாக வெட்டிச் சரிசெய்ய வேண்டும்.

மாடியில் கிடைத்த ஆதாயத்தைக் கேபிள் தின்றுவிடும். மலிவான ஆர்.ஜி.58 கேபிளை 20 மீட்டர் இழுத்தால், 50 வாட்டில் சுமார் 20 வாட்தான் ஆன்டெனாவை எட்டும். தடித்த ஆர்.ஜி.213 கேபிளில் 33 வாட்டுக்கு மேல் எட்டும். கேட்கும் திறனும் அதே விகிதத்தில் குறைகிறது என்பதால், கருவியில் மிச்சம்பிடித்தாவது நல்ல கேபிள் வாங்குவதே சரி. கடற்கரை அருகில் இருப்பதால் கனெக்டர் இணைப்புகளை நீர்புகாத ரப்பர் டேப்பால் இறுகச் சுற்றுவது அவசியம். உள்ளே ஈரம் இறங்கிய கேபிள் வெளிப்பார்வைக்கு நன்றாகவே இருக்கும்.

குழாய் சாய்ந்து விழுந்தாலும் மின்கம்பியைத் தொடாத தொலைவில்தான் அதை நட வேண்டும். ரயில் பாதைக்கு மேலுள்ள கம்பியில் ஓடுவது 25,000 வோல்ட்.

ரிப்பீட்டர்

ரிப்பீட்டர் என்பது உயரமான இடத்திலிருந்து ஓர் அலைவரிசையில் கேட்டதை, அதே கணத்தில் மற்றோர் அலைவரிசையில் கூடுதல் சக்தியோடு திரும்ப அனுப்பும் கருவி. அதன் ஆன்டெனா 80 மீட்டர் உயரத்தில் இருந்தால் அடிவானம் 37 கி.மீ. ஆகும். அதனால் கொருக்குப்பேட்டை மாடியிலிருந்து பேசுவது தாம்பரத்தில் ஒரு வாக்கி-டாக்கியில் கேட்க முடிகிறது.

2 மீட்டர் பட்டையில் இரு அலைவரிசைகளுக்கும் இடையே வழக்கமாக 600 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி இருக்கும். உதாரணமாக 145.700-இல் அனுப்பும் ரிப்பீட்டர் 145.100-இல் கேட்கும். வீட்டுக் கருவியில் இதைத் தலைகீழாக அமைக்க வேண்டும். பல ரிப்பீட்டர்கள் காதுக்கு எட்டாத ஒரு தாழ்ந்த தொனி குரலோடு வந்தால்தான் திறக்கும். தொனியை அமைக்க மறந்து, ரிப்பீட்டரே பழுது என்று முடிவுகட்டுவது புதியவர்களிடம் அடிக்கடி காணப்படுவது.

பேசுமுன் கேட்பதும், பொத்தானை அழுத்தி ஒரு நொடி விட்டுத் தொடங்குவதும், இரு பேச்சுகளுக்கு நடுவே இடைவெளி விடுவதும் வழக்கம். அந்த இடைவெளியில்தான் அவசரச் செய்தி உள்ளவர் நுழைய முடியும்.

மின்சாரம் இல்லாதபோது

பல வீடுகளில் உள்ள 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி இன்வெர்ட்டர் பேட்டரியே நிலையத்துக்குப் போதும். இன்வெர்ட்டர் வழியாக அன்றி, பேட்டரி முனையிலேயே ஃபியூஸ் வைத்து நேராக இணைப்பது நல்லது. கேட்கும்போது அரை ஆம்பியரும் பேசும்போது 10 ஆம்பியரும் இழுக்கும் கருவியில், பத்தில் ஒரு பங்கு நேரமே பேசினால், பேட்டரியின் பாதியே 50 மணி நேரம் தாங்கும். கொருக்குப்பேட்டையில் இந்தக் கணக்கைக் கெடுப்பது பேட்டரி இருக்கும் இடம். தரைத்தளத்தில் படிக்கட்டுக்கு அடியில் வைத்த பேட்டரி முதல் நாளே மூழ்கும்; அது மாடியில் இருக்க வேண்டும்.

ரிப்பீட்டரும் மின்சாரத்தை நம்பியதே. அது நின்றால் சிம்ப்ளெக்ஸ், அதாவது ஒரே அலைவரிசையில் நேருக்கு நேர் பேசுவதுதான் வழி. ராயபுரம், திருவொற்றியூர் நண்பர்களோடு எந்த அலைவரிசையில் சந்திப்பது என்பதை மழைக்காலத்துக்கு முன்பே பேசி, சோதித்து வைத்துக்கொள்ளலாம். கருவியிலுள்ள ரிவர்ஸ் பொத்தானை அழுத்தினால் ரிப்பீட்டரின் உள்வரும் அலைவரிசை கேட்கும். எதிர்முனையில் இருப்பவர் குரல் அதில் தெளிவாக வந்தால், அவரை நேரடியாகவே எட்டலாம்.

நகர எல்லையைத் தாண்ட இவை போதா. 2004 ஆழிப்பேரலையின்போது போர்ட் பிளேரில் இருந்த பாரதி பிரசாத்தும் அவரது குழுவினரும் அந்தமானிலிருந்து செய்திகளை அனுப்பியது சிற்றலையில். அங்கு ரிப்பீட்டருக்கு வேலையில்லை.

வெள்ளம், புயல் போன்ற பேரிடர்களில் மாவட்ட ஆட்சியர் போன்ற அதிகாரிகளின் செய்திகளை அமெச்சூர் நிலையங்கள் கடத்த 1978-ஆம் ஆண்டின் அமெச்சூர் சேவை விதிகள் இடமளிக்கின்றன. வணிகப் பேச்சுக்கும் இசை ஒலிபரப்புக்கும் எந்நாளும் இடமில்லை.